பீப்பாய் மேல் உட்கார்ந்திருந்தவன்

கரண்டி வாய் வரைக்கும் போய் அங்கேயே நிற்கிறது, வேகவைத்து மசித்த ஆப்பிள் அதிலிருந்து சொட்டுச் சொட்டாக அவன் சட்டை மார்பில் விழுகிறது, துடைத்துக்கொள்ள வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தபடி எனக்கு எதிரே, என்னுடைய நாற்காலியில், என் தம்பி ஃபின்டன் உட்கார்ந்திருக்கிறான், முப்பது வருஷத்துக்கு மேலாக என் வாசற்படியை மிதிக்காதவன், தெருவில் நான் எதிரே வந்தால் மறுபக்கம் தாண்டிப் போய் நடந்தவன், இன்றைக்கு மத்தியானம் அவன் மகள் ஹனோரா கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்து உட்காரவைத்துவிட்டாள், பெரியப்பா, அப்பாவுக்கு ஞாபகம் கலைந்துபோய்விட்டது, சில நாள் என்னையே தெரிவதில்லை, நீங்களும் நடமாட்டம் இல்லாமல் ஆகிவிட்டீர்கள், இருக்கிறபோதே இரண்டு பேரும் ஒரு தடவை முகம் பார்த்துக்கொள்ளட்டுமே என்று கூட்டிவந்தேன் என்றாள், சொல்லிவிட்டு வேலைக்காரியோடு பேசச் சமையலறைப் பக்கம் போய்விட்டாள், வண்டிக்காரனைச் சாயங்காலம் வரச் சொல்லியிருக்கிறாளாம், எதற்கு வந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாதா, வீட்டைப் பார்க்க வந்திருப்பாள், மேயராக இருந்தவன் வீடு, வாஷிங்டனில் காங்கிரஸ் சபையில் உட்கார்ந்துவிட்டு வந்தவன் வீடு, பிள்ளை இல்லாதவன் வீடு, டாக்டர்கூட என் நாடியைப் பிடிக்கும்போது சுவர்க்கடிகாரத்தைத்தான் பார்க்கிறான், நேரம் பார்க்கிறானா அது என்ன விலை போகும் என்று பார்க்கிறானா, யார் கண்டது. போகட்டும், எவன் எதை எடுத்துக்கொண்டு போனாலும் எனக்கு ஒன்றுமில்லை, எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, அது இவன் வாய்க்குள் இருக்கிறது, அம்மா என்னைப் பெரியவனே என்பாள், இவனைச் சின்னவனே என்பாள், வீட்டில் அதுதான் எங்களுக்குப் பெயர், அப்புறம் ஊர் என்னைக் கேப்டன் என்றது, மேயர் என்றது, கனம் பொருந்திய என்று நீட்டி முழக்கியது, எல்லாம் சட்டை மாதிரி வந்தது, கழன்று போனது, பெரியவனே என்று கூப்பிட இந்த உலகத்தில் மிச்சம் இருக்கிறவன் இவன் ஒருத்தன்தான், ஒரு தடவை கூப்பிட்டால் போதும், திட்டிவிட்டுக் கூப்பிட்டாலும் சரி, காறித் துப்பிவிட்டுக் கூப்பிட்டாலும் சரி, அதைக் கேட்காமல் செத்தால் யாரோ ஒருத்தனாகத்தான் சாவேன்.

ஆனால் இவன் நடிக்கிறான் என்றுதான் எனக்குப் படுகிறது, எங்கள் குடும்பத்தில் பிடிவாதத்துக்குக் குறைச்சல் கிடையாது, அப்பா ஒரு தடவை அம்மாவோடு கோபித்துக்கொண்டு ஒரு குளிர்காலம் முழுக்க வாய் திறக்காமல் இருந்தவர், ஆற்றில் பனி உடைந்த அன்றைக்குத்தான் உப்பு எங்கே என்று கேட்டார், அந்த ரத்தம்தானே இவனுக்கும், தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்து என்னைக் கெஞ்சவைத்துப் பார்க்கலாம் என்று வந்திருப்பான், இவனைச் சோதித்துப் பார்த்துவிடுவது என்று, என்ன ஃபின்டன், ஆறு நிறைய ஓடுகிறதா என்று கேட்டேன், திரும்பிப் பார்த்தான், நல்ல ஆறு ஐயா என்றான், ஐயாவாம், விடவில்லை நான், ஈகிள் கம்பெனிக்காரர்கள் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்றேன், வாலிபத்தில் எங்களோடு போட்டிபோட்டு நெருப்பணைக்க ஓடினவர்கள், அந்தப் பெயரைக் கேட்டால் தூக்கத்தில்கூடக் கையை ஓங்குகிறவன் இவன், கண் இமைக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், இமைக்கவில்லை, கரண்டியை நக்கினான், ஆப்பிளில் கிராம்பு போட்டிருக்கிறார்கள் என்றான், ஆமாம், நீ சின்ன வயதில் கிராம்பைக் கடித்துவிட்டு அழுவாய் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை, நாமாக முதலில் இறங்கிப் போகக்கூடாது, தேர்தலில் நின்றவனுக்கு அது தெரியும்.

கிராம்பு வாசனை, உப்பு வாசனை, இழைத்த ஓக் மரத்தின் வாசனை, அப்பா பீப்பாய் செய்கிறவர், அயர்லாந்திலிருந்து கப்பலில் வரும்போது அவர் கொண்டுவந்தது ஒரு இழைப்புளியும் ஒரு பெண்டாட்டியும் இரண்டு பையன்களும்தான், ஆற்றங்கரையில் பன்றி வெட்டுகிறவர்கள் நிறைய, இறைச்சியை உப்புப் போட்டு அடைக்கப் பீப்பாய் வேண்டும், எங்கள் முற்றத்தில் பீப்பாய் இல்லாத நாள் கிடையாது, நானும் இவனும் அதற்குள் ஒளிந்து விளையாடி, அதற்குள்ளேயே தூங்கிப்போவோம், அம்மா ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து எங்களைக் கண்டுபிடிப்பாள், பள்ளிக்கூடம் ஒரு குளிர்காலம் போனேன், வாத்தியார் அடி தாங்கவில்லை, அதோடு சரி, எழுத்து எனக்குப் பீப்பாய் மூடியில் சுடுகிற முத்திரையிலிருந்து வந்தது, அதனால்தான் இன்றைக்கும் என் கையெழுத்து பன்றி இறைச்சி என்று எழுதின மாதிரி இருக்கும் என்று பத்திரிகைக்காரர்கள் கிண்டல் பண்ணுவார்கள், பண்ணட்டும், பத்திரிகைக்காரன் எழுதினதில் உண்மையாக இருந்தது தேதி மட்டும்தான், அதுவும் எல்லா நாளும் இல்லை. அப்போதெல்லாம் நெருப்பு அணைப்பது யாருக்கும் உத்தியோகம் இல்லை, அந்தந்தப் பேட்டை வாலிபர்கள் சேர்ந்து ஒரு கம்பெனி வைத்துக்கொள்வார்கள், சிவப்புச் சட்டை, தோல் தொப்பி, கையால் அடிக்கிற பம்பு வண்டி ஒன்று, மணி அடித்தால் எந்த வேலையாக இருந்தாலும் போட்டுவிட்டு வண்டிக் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓட வேண்டியது, எங்கள் கம்பெனி நெப்டியூன், மேல்தெருக்காரர்களுடையது ஈகிள், யாருடைய தண்ணீர் முதலில் நெருப்பின் மேல் விழுகிறது என்பதுதான் எல்லாம், வீடு யாருடையது என்று எவனும் கேட்டதில்லை, வீடு எரிந்தால் இன்னொன்று கட்டலாம், ஈகிள் முந்திக்கொண்டது என்று பேச்சு வந்தால் அதை எங்கே போய் அழிப்பது, கல்யாணப் பெண் வீட்டில்கூட முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

தெருமுனையில் நகரசபை நட்ட இரும்புக் குழாய்தான் பம்புக்குத் தண்ணீர் தரவேண்டும், அதை எந்தக் கம்பெனி பிடிக்கிறதோ அதற்குத்தான் அந்த நெருப்பு, ஆகவே வண்டிக்கு முன்னால் ஒருத்தன் ஓடவேண்டும், காலிப் பீப்பாயைத் தலையில் தூக்கிக்கொண்டு, குழாயின் மேல் அதைக் கவிழ்த்து மூடி, மேலே ஏறிக் கால்மேல் கால் போட்டு, சும்மா வேடிக்கை பார்க்க வந்தவன் மாதிரி உட்கார்ந்துகொள்ளவேண்டும், எதிர்க் கம்பெனி வந்து குழாய் எங்கே குழாய் எங்கே என்று தேடி அலையும்போது நம் வண்டி வந்துவிடும், இதெல்லாம் எல்லாக் கம்பெனியும் செய்ததுதான், எங்களுக்கு ஃபின்டன் இருந்தான், அவன் மாதிரி ஓட ஆளில்லை, பீப்பாய் செய்கிறவன் மகன், பீப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கென்றே பிறந்தவன் என்று கேலி பண்ணுவார்கள், அவனுக்கு அதில் பெருமை, நான் கேப்டன், வாயில் வைத்துக் கத்துகிற பித்தளைக் குழல் என் கையில், ஒவ்வொரு தடவையும் அவனிடம் சொல்வேன், டேய் சின்னவனே, என் குரல் கேட்கிறவரைக்கும் எழுந்திருக்காதே, எவன் என்ன சொன்னாலும், பாதிரியாரே வந்து எழுந்திரு என்றாலும், என் குரல், சரி பெரியவனே என்பான், சொன்னால் சொன்னதுதான், இவன் அப்படி.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வெளியே வருகிறோம், வெயில், எல்லாரும் சலவைச் சட்டையில், மணி அடிக்கிறது, ஆற்றங்கரைத் தெருவில் வாடகை அறைகள் உள்ள பழைய மரவீடு, கீழே மெழுகுவர்த்திக் கிடங்கு, கேட்கவேண்டுமா, ஃபின்டன் மாதாகோயில் வாசலிலிருந்தே ஓடினான், வழியில் எங்கள் முற்றத்துப் பீப்பாய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, நாங்கள் கம்பெனிக் கொட்டகைக்குப் போய் வண்டியை எடுத்து இழுத்துக்கொண்டு ஓடுகிறோம், பாலத்தைத் தாண்டி இறக்கத்தில் திரும்பும்போது சக்கரம் கழன்று வண்டி கவிழ்ந்தது, அச்சாணியை எவனோ பிடுங்கியிருக்கிறான் என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன், எவனும் நம்பவில்லை, வண்டியை நிமிர்த்துகிறோம், நிமிரவில்லை, ஒருத்தன் கால் அடியில் மாட்டிக்கொண்டு அலறுகிறான், அங்கே ஈகிள் வண்டி முதலில் போய்விட்டது, குழாயைத் தேடியிருக்கிறார்கள், பீப்பாயைப் பார்த்ததும் புரிந்துவிட்டது, பாய்ந்திருக்கிறார்கள், அதற்குள் முன்னால் ஓடிப்போன எங்கள் ஆட்கள் ஃபின்டனைச் சுற்றி நின்றுகொண்டு அடிதடி, செங்கல், கம்பு, தொப்பி பறக்கிறது, மேலே மூன்றாம் மாடி ஜன்னலில் ஒட்டிலி என்கிற ஜெர்மன்காரி, சட்டை தைத்துப் பிழைக்கிறவள், ஊருக்குப் புதுசு, பாஷை தெரியாது, அவள் முதலில் தலையணையை வீசினாளாம், அப்புறம் வாடிக்கைக்காரர்களின் சட்டைகளை மூட்டையாகக் கட்டி வீசினாளாம், அழுக்காகக் கூடாது என்று துணியில் சுற்றி, அப்புறம் கையை நீட்டிக்கொண்டு நின்றாளாம், அவளுக்கு நேர் எதிரே, தெருவுக்கு அந்தப் பக்கம், பீப்பாயைக் காலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இவன், இரண்டு பல் போய்விட்டது, காறை எலும்பு உடைந்துவிட்டது, எழுந்திருக்கவில்லை, அவன் அழுதுகொண்டே பாலம் இருக்கிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான் என்று எங்கள் ஆள் ஒருத்தன் பிற்பாடு சொன்னான், நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கூரை உள்ளே விழுந்துவிட்டது, சண்டை தானாக நின்றுபோயிருந்தது, எல்லாரும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், இவன் மட்டும் உட்கார்ந்திருக்கிறான், நான் குழலில் கத்தினேனா இல்லை தோளைத் தொட்டேனா, நினைவில்லை, எழுந்தான், அவ்வளவுதான், குழாயைத் திறந்தோம், தண்ணீர் நன்றாகத்தான் வந்தது.

அடித்தவன், அடிபட்டவன், செங்கல் எறிந்தவன் எல்லாம் கூட்டத்தில் கலைந்து போய்விட்டான், உட்கார்ந்திருந்தவன் ஒருத்தன்தான் ஊர் கண்ணில் நின்றான். அடுத்த தேர்தலில் நான் நகரசபைக்கு நின்றேன், அதற்கடுத்ததில் மேயருக்கு, இந்தக் கம்பெனிகளை எல்லாம் கலைக்கவேண்டும், சம்பளத்துக்கு ஆள் வைக்கவேண்டும், குதிரை இழுக்கிற நீராவி எஞ்சின் வாங்கவேண்டும் என்று சொன்னேன், நான் கேப்டனாக இருந்தவன் என்பதால் என் வாயால் சொன்னால் எடுபட்டது, சொன்னது தப்பா, இல்லை, இன்றைக்கும் அதையேதான் சொல்வேன், அதற்கப்புறம் இந்த ஊரில் எத்தனை வீடு தப்பித்தது என்று எவனாவது எழுதினானா. ஆனால் கூட்டத்தில் நின்று நீராவி எஞ்சின் என்று சொன்னால் மனுஷன் கொட்டாவி விடுவான், அவனுக்குக் கதை வேண்டும், முதல் தடவை எப்படி என் வாயில் வந்தது என்று தெரியாது, சந்தைத் திடலில் ஒரு வண்டி மேல் நின்றுகொண்டு சொல்கிறேன், நண்பர்களே, ஒருத்தன் பீப்பாய் மேல் உட்கார்ந்திருக்கிறான், எதிரே வீடு எரிகிறது, ஜன்னலில் ஒரு அம்மாள், ஐயா ஐயா காப்பாற்றுங்கள் என்கிறாள், நம்ம வீரன் என்ன செய்தான் தெரியுமா, தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னான், அம்மா, ஈகிள் தண்ணீர் உங்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது, எங்கள் வண்டி வந்துகொண்டிருக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றான், கூட்டம் கொல்லென்று சிரிக்கும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும், சிரிப்பு அடங்குகிறவரைக்கும் சும்மா நிற்பேன், அப்புறம் குரலைத் தாழ்த்தி, அந்த அம்மாள் பொறுத்தாள், கல்லறைத் தோட்டத்தில் இன்னும் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறாள் என்பேன், அதோடு பெண்கள் அழுவார்கள், ஆண்கள் ஓட்டுப் போடுவார்கள். அவன் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை, தெரியும், கதை என்றால் கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும், பெயர் சொன்னேனா, என் தம்பி என்று சொன்னேனா, எந்த மேடையிலும் சொன்னதில்லை, ஊருக்கே தெரியும் என்றால் அதற்கு நான் என்ன செய்ய, நான் வருகிறவரைக்கும் எழுந்திருக்காதே என்று நான் சொல்லியிருந்ததையும் சேர்த்திருக்கலாம்தான், சேர்த்தால் கதை நீண்டுவிடும், சிரிப்பு வராது.

மேயராக ஜெயித்தேன், தெருவில் பன்றி மேயக்கூடாது என்று சட்டம் போட்டேன், பன்றிக்காரர்கள் என் பொம்மையைச் செய்து கொளுத்தினார்கள், அதை அணைக்க என் நீராவி எஞ்சினே போயிற்று, நல்ல வேடிக்கை, நெப்டியூன் வண்டியை மேலே எங்கேயோ ஒரு சின்ன ஊருக்கு விற்றோம், படகில் ஏற்றும்போது எங்கள் ஆட்கள் கரை ஓரமாகச் செத்த வீட்டுக்குப் போகிற மாதிரி கூடவே நடந்தார்கள், என்னை யாரும் பார்க்கவில்லை. ஃபின்டன் அப்பாவின் பட்டறையை வைத்துக்கொண்டிருந்தான், போகிறவன் வருகிறவன் எல்லாம், என்னப்பா, உட்கார ஒரு பீப்பாய் கிடைக்குமா என்பான், விடிந்தால் அவன் வாசலில் ஒரு பீப்பாய் கவிழ்த்திருக்கும், அதன் மேல் ஒரு பழைய தொப்பி இருக்கும், பட்டறையை மூடிவிட்டுப் படகுத்துறையில் மூட்டை தூக்கப் போனான், அங்கேயும் விடவில்லை, ஒரு நாள் ஒருத்தன் தாடையை உடைத்துவிட்டான். எங்கள் ஊரில் குடிகாரன், திருடன், சண்டைக்காரன் எல்லாரையும் காலையில் மேயர்தான் விசாரிக்கவேண்டும், அது அப்போதைய வழக்கம், நான் உயர்ந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன், வரிசையாக வருகிறார்கள், நடுவில் இவன், தொப்பி கையில், போலீஸ்காரன் குற்றத்தைச் சொன்னான், ஹால் நிறையக் கூட்டம், பத்திரிகைக்காரன் பென்சிலை எச்சில் தொட்டு வைத்திருக்கிறான், போ, வீட்டுக்குப் போ, விடுதலை என்றேன், நல்லதற்குத்தான் சொன்னேன், இவன் நகரவில்லை, எனக்கு முன்னால் வந்தவனுக்கு இதே குற்றத்துக்குச் சிறை கொடுத்தீர்கள் என்றான், நீ போ ஃபின்டன் என்று மெதுவாகச் சொன்னேன், எனக்கும் அதையே கொடுங்கள் மேயர் அவர்களே, உங்கள் வாயால் எனக்குக் கிடைத்த எல்லாவற்றையும் ஊர் கேட்டிருக்கிறது, இதையும் கேட்கட்டும் என்றான், கொடுங்கள் என்றான், அவர்களே என்றான், பிறந்ததிலிருந்து என்னை நீ என்று கூப்பிட்டவன், எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது, கொடுத்தேன், போய் உள்ளே கிடந்தான். அதற்கப்புறம் அவன் குரலை நான் கேட்கவில்லை, என் பெண்டாட்டி செத்த அன்றைக்கு மழையில் கல்லறைத் தோட்டத்துக் கதவுக்கு வெளியே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான், அவளுக்காக வந்தான், அவள் அவனுக்கு ஒளித்து ஒளித்துச் சாப்பாடு அனுப்பினவள், நான் கதவுப் பக்கம் வருவதற்குள் போய்விட்டான்.

அப்புறம் வாஷிங்டன், அதே கதையை மாவட்டம் முழுக்கச் சொல்லி ஜெயித்துப் போனேன், போய் என்ன கண்டேன், புழுக்கமான பெரிய ஹால், கால் வைக்கிற இடமெல்லாம் புகையிலை எச்சில், பேசுகிறவன் பேசுகிறான், கேட்கிறவன் நகம் வெட்டுகிறான், நான் செய்த பெரிய காரியம் என் மாவட்டத்துக் குடியானவர்களுக்கெல்லாம் சர்க்கார் தருகிற டர்னிப் கிழங்கு விதைப் பொட்டலத்தை அனுப்பினதுதான், படித்தவர்கள் லத்தீனில் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன், என்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று தெரிந்தே, உறுப்பினன் எவனாவது செத்தால் அங்கே ஒரு கல் நட்டுவிடுவார்கள், பிணம் அவன் ஊரில் புதைந்திருந்தாலும், அடியில் ஆளே இல்லாத கல், வரிசை வரிசையாக, ஒரே மாதிரி சதுரமாக, தலையில் ஒரு மூடி வைத்து, ஒரு சாயங்காலம் அங்கே நடக்கப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், அன்றிலிருந்து அந்தக் கனவு, இன்றைக்கும் வருகிறது, காங்கிரஸ் சபை கூடியிருக்கிறது, ஆனால் நாற்காலி இல்லை, எல்லாரும் கவிழ்த்த பீப்பாய் மேல் உட்கார்ந்திருக்கிறார்கள், கறுப்புக் கோட்டு, தொங்கு மீசை, சபாநாயகர் சுத்தியலைத் தட்டி ஆதரிக்கிறவர்கள் எழுந்து நிற்கலாம் என்கிறார், ஒருத்தனும் எழுந்திருக்கவில்லை, எதிர்க்கிறவர்கள் எழுந்து நிற்கலாம் என்கிறார், ஒருத்தனும் எழுந்திருக்கவில்லை, மேல் மாடத்தில் ஒரு பெண்பிள்ளை சட்டை மூட்டையைத் துணியில் சுற்றிக்கொண்டிருக்கிறாள், நிதானமாக, ஓரத்தை மடித்து, நான் கத்த வாய் திறக்கிறேன், என் குரல் வரவில்லை, தண்ணீர் வருகிறது, நல்ல தண்ணீர். அடுத்த தேர்தலில் தோற்றேன், அதே கதையைத்தான் சொன்னேன், யாரும் சிரிக்கவில்லை, நான் வாய் திறப்பதற்கு முன்னால் முன்வரிசையில் நின்ற பொடிசுகள் முடிவைச் சொல்லிவிட்டன, எனக்கு அப்போதுதான் முதல் தடவையாக அது கதை மாதிரி கேட்கவில்லை.

ஆப்பிள் தீர்ந்துவிட்டது, கிண்ணத்தின் அடியைக் கரண்டி சுரண்டுகிறது, வெயில் ஜன்னல் சட்டத்திலிருந்து தரைக்கு இறங்கிவிட்டது, இன்னும் நடிக்கிறான், நடிக்கட்டும், வண்டி வருவதற்குள் நானே கேட்டுவிடுவது என்று நாக்கை ஈரப்படுத்திக்கொள்கிறேன், அதற்குள் இவன் திரும்பி என்னைப் பார்த்துச் சிரிக்கிறான், பல் போன இடம் கறுப்பாகத் தெரிகிறது, ஐயா உங்களுக்கு ஒரு கதை தெரியுமா என்கிறான், என்ன கதை என்கிறேன், ஒருத்தன் பீப்பாய் மேல் உட்கார்ந்திருக்கிறான், எதிரே வீடு எரிகிறது என்று ஆரம்பிக்கிறான், எனக்குக் காது அடைத்துவிட்டது, ஆஹா, இதற்குத்தான் வந்திருக்கிறான், என் வீட்டில், என் எதிரே உட்கார்ந்து, என் கதையாலேயே என்னை அறைய வந்திருக்கிறான், அறையட்டும், அறைந்துவிட்டாவது கூப்பிடுவான் என்று கைப்பிடியை இறுக்கிக்கொண்டு காத்திருக்கிறேன், ஜன்னலில் ஒரு அம்மாள், நம்ம வீரன் என்ன செய்தான் தெரியுமா என்று கேட்டு, நான் எங்கே நிறுத்துவேனோ அங்கேயே நிறுத்துகிறான், நான் எப்படிக் கையைத் தூக்குவேனோ அப்படியே தூக்கி, இல்லாத தொப்பியைக் கழற்றி, ஈகிள் தண்ணீர் உங்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது அம்மா என்கிறான், சிரிக்கிறான், கண்ணில் நீர் வரச் சிரிக்கிறான், அந்தச் சிரிப்பில் விஷம் இருக்கும் என்று தேடுகிறேன், அரசியலில் எத்தனை சிரிப்பைப் பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா, இல்லை, ஒன்றுமே இல்லை, சந்தைத் திடலில் கூட்டத்தோடு நின்று கேட்டவன் சிரிக்கிற சிரிப்பு, அடி வயிற்றிலிருந்து வருகிற சுத்தமான சிரிப்பு, இவன் நடிக்கவில்லை, இவனிடம் இருந்ததெல்லாம் போய்விட்டது, அடி, பல், காறை எலும்பு, அந்த வெயில், அந்தப் பெண்பிள்ளை, அம்மா, நான், எல்லாம் போய்விட்டது, போகாமல் தங்கினது நான் சொன்ன பொய் ஒன்றுதான்.

எப்படிப்பட்ட முட்டாள் பாருங்கள் ஐயா என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறான், எழுந்திருக்க வேண்டியதுதானே, ஏன் எழுந்திருக்கவில்லை அவன், உங்களுக்குத் தெரியுமா, நீங்கள் பெரிய மனுஷர் மாதிரி இருக்கிறீர்கள், தெரிந்திருக்கும் என்கிறான், அவன் அண்ணன் சொல்லியிருந்தான் என்கிறேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை, என்ன சொல்லியிருந்தான் என்கிறான், நான் வருகிறவரைக்கும் எழுந்திருக்காதே என்று சொல்லியிருந்தான் என்கிறேன், ஓ என்கிறான், சிரிப்பு நின்றுவிட்டது, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு அதை யோசிக்கிறான், கதையில் இந்த இடத்தை அவன் கேட்டதே இல்லை, யாருமே கேட்டதில்லை, வந்தானா என்கிறான், அவன் அண்ணன் வந்தானா ஐயா என்கிறான் மறுபடியும், வருவான் என்கிறேன், வேறு என்ன சொல்ல, அந்தக் கதையைச் சொன்ன இந்த வாயால் வேறு எதைச் சொல்ல முடியும், அவன் தலையை ஆட்டுகிறான், அப்படியென்றால் உட்கார்ந்துதான் இருக்கவேண்டும் என்கிறான், கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு முதுகை நிமிர்த்திக்கொண்டு, இரண்டு கையாலும் நாற்காலியின் அடிச் சட்டத்தைப் பிடித்துக்கொள்கிறான், கால் இரண்டையும் நாற்காலிக் காலில் பின்னிக்கொள்கிறான், இறுக்கி, முட்டி வெளுக்கிற அளவுக்கு.

வாசலில் குதிரை கனைக்கிறது, ஹனோரா கையைத் துடைத்துக்கொண்டே வருகிறாள், வண்டி வந்துவிட்டது அப்பா, எழுந்திருங்கள், பெரியப்பாவிடம் போய்வருகிறேன் என்று சொல்லுங்கள் என்கிறாள், அவன் அசையவில்லை, அப்பா என்று தோளைத் தொடுகிறாள், உதறுகிறான், அண்ணன் வரட்டும் என்கிறான், இதோ அண்ணன்தானே அப்பா, இங்கேதானே இருக்கிறார் என்கிறாள், அவள் குரல் உடைகிறது, என்னைப் பார்க்கிறாள், வீட்டைப் பார்க்க வந்தவள் பார்க்கிற பார்வை இல்லை அது, நீங்கள் சொல்லுங்களேன் பெரியப்பா, நீங்கள் சொன்னால் கேட்பார் என்கிறாள், தடியை ஊன்றி எழுந்திருக்கிறேன், அவனுக்கு நேர் எதிரே போய் நிற்கிறேன், வெளிச்சம் என் முகத்தில் விழட்டும் என்று ஜன்னல் பக்கம் திரும்பி, நானே முதலில் இறங்கிப்போய், சின்னவனே, நான் வந்துவிட்டேன், எழுந்திரு என்கிறேன், அவன் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறான், கண்ணுக்குக் கண், அத்தனை வருஷத்துக்கு அப்புறம் நேராகப் பார்க்கிறான், பார்த்துக்கொண்டே இருக்கிறான், உதடு அசைகிறது, இதோ வரப்போகிறது என்று நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன், ஈகிள்காரன் எல்லாரும் இதையேதான் வந்து சொல்கிறான் என்கிறான், என் அண்ணன் குரல் எனக்குத் தெரியும், நீ போ என்கிறான். முகத்தை ஜன்னலுக்குத் திருப்பிக்கொள்கிறான், மேட்டிலிருக்கிற இந்த வீட்டு ஜன்னலில் பாலம் தெரியும், பாலத்திலிருந்து இறங்கி வருகிற சாலை தெரியும், வந்ததிலிருந்து இவன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான், ஹனோரா முகத்தை மூடிக்கொண்டு அழுகிறாள், வண்டிக்காரன் கூப்பிடுகிறான், இவன் பிடியை இன்னும் இறுக்குகிறான், கன்னத்தில் நீர் வழிகிறது, துடைக்கவில்லை, கையை எடுத்தால் பிடி தளர்ந்துவிடும், நான் தடியை ஊன்றிக்கொண்டு அவன் பக்கத்திலேயே நிற்கிறேன், போகச் சொன்னான், போக இடமில்லை, அவன் பார்க்கிற பக்கமே நானும் பார்க்கிறேன், பாலத்தில் யாரும் இல்லை, சாலையில் யாரும் இல்லை, வெயில் மட்டும் இருக்கிறது, பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அவன் வருகிறானா என்று.